கண்டிச் சிறையில் சிங்களம் படித்த சுவாமியார்



நம் காரைக்குடிப் பக்கத்தில் கண்டிக்கோ கொழும்புக்கோ போய் வந்தவரின் கதை இல்லாத குடும்பங்கள் குறைவு. நகரத்தார் அங்கே கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். அவர்களிடம் கணக்கு எழுதப் போனவர்கள் உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்கு நம் சீமையிலிருந்து போனவர்களுக்கோ கணக்கே இல்லை. 1964-ம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரைக்கும் தலைமன்னார்க் கப்பல் இவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கண்டி மலையில் தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லாத காலத்தில், நம் தமிழ்க் கரையிலிருந்து மரக்கலம் ஏறிப் போய், கைதியாக அந்த நகருக்குள் கொண்டுபோகப்பட்டு, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அங்கேயே மரித்து அடக்கமான ஒரு குருவானவரின் சரித்திரத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறோம். அவர்தான் அர்ச். சூசை வாஸ் முனிவர். ஜோசப் வாஸ் என்று சொன்னால் சிறுவர்களுக்கும் தெரியும்.

இவர் 1651-ம் ஆண்டு ஏப்ரல் 21-ம் தேதி கோவா நாட்டில் பெனாலிம் என்ற ஊரில் பிறந்தார். தந்தை கிறிஸ்தோபர் வாஸ், தாய் மரியா மிராந்தா. கொங்கணி பேசும் பிராமண வம்சத்தில் வந்த பழைய கிறிஸ்தவக் குடும்பம். பையன் போர்த்துக்கீசும் லத்தீனும் படித்தான். பிறகு கோவா நகருக்குப் போய் சேசு சபையாரிடமும் சாமிநாதர் சபையாரிடமும் உயர்ந்த படிப்புகளை முடித்து, 1676-ல் குருப்பட்டம் பெற்றார்.

குருவான கொஞ்ச காலத்திலேயே, குருமடம் சேர விரும்பும் பிள்ளைகளுக்காகச் சங்கோலா என்ற தம் சொந்த ஊரில் ஒரு லத்தீன் பள்ளி திறந்தார். பின்னர் 1681 முதல் மூன்று வருட காலம் கன்னட தேசத்தில் வேதபோதகம் செய்தபோதும், கோயில் கட்டின இடங்களில் சின்னச் சின்னப் பள்ளிகளையும் ஏற்படுத்தினார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போகிற இடத்தில் எல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கிவிடும் சுபாவம் அவருக்கு இருந்தது. பின்னால் நடந்தது விளங்க இது உதவும். 1685-ல் கோவாவில் சுதேசக் குருக்கள் சிலர் கூடி வாழ்ந்த ஒரு சிறு கூட்டத்தில் சேர்ந்து, அதை அர்ச். பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றும் ஒரத்தோரியன் சபையாக உருவாக்கியவரும் இவரே.

ஆனால் இவர் மனமெல்லாம் இலங்கைமேல் இருந்தது. ஏன் என்று கேட்பீர்கள். ஒலாந்தர் 1656-ல் கொழும்பையும் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள். கத்தோலிக்கக் குருக்களை அடியோடு துரத்தினார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று பறைசாற்றினார்கள். ஞானஸ்நானமும் கலியாணமும் அவர்கள் சபையில்தான் பதிய வேண்டும். பிள்ளைகள் அவர்கள் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும், போகாவிட்டால் பெற்றோருக்கு அபராதம். பள்ளிக்கூடம் என்பது எப்போதும் நல்லதுக்கே பயன்படும் என்று நாம் நினைக்கிறோம். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துத் தாய்மார்களைக் கேட்டிருந்தால் வேறு விதமாய்ச் சொல்லியிருப்பார்கள். இப்படி ஏறக்குறைய முப்பது வருடம் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, அவஸ்தைப்பூசுதல் இல்லை.

1686-ல் சூசை வாஸ் முனிவர் யுவான் என்ற ஊழியனோடு கோவாவை விட்டுப் புறப்பட்டார். அந்த 1686-ம் ஆண்டில்தான் நம் மறவர் சீமையில் அர்ச். அருளானந்தர் பிடிபட்டு, காளையார்கோவிலில் காவலில் கிடந்து வாதைப்பட்டார். ஒருவர் இங்கே விலங்கோடு கிடக்க, இன்னொருவர் மேற்குக் கரையோரமாய்த் தெற்கே வந்துகொண்டிருந்தார். ஆண்டவர் தம் ஊழியர்களை எப்படியெல்லாம் நடத்துகிறார், பாருங்கள்.

1687-ம் ஆண்டு குருத்து ஞாயிற்றை ஒட்டித் தூத்துக்குடி வந்து சேர்ந்து, கூலிக்காரனைப்போல் வேஷம் போட்டுக்கொண்டு கப்பலேறினார். கொழும்புக்குப் போக வேண்டிய கப்பலைப் புயல் மன்னாருக்குத் தள்ளிற்று. அங்கிருந்து யாழ்ப்பாணம் சேருமுன் கடுமையான வயிற்றுக்கடுப்பு கண்டு, சாகக் கிடக்கும் பிச்சைக்காரனாக வெளியே தள்ளப்பட்டார். இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்து வார்த்த கஞ்சியில் பிழைத்தார். எழுந்து நடமாடத் தொடங்கியதும், கழுத்தில் ஜெபமாலை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அந்த ஜெபமாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மாறுகிறது என்று பார்த்துக் கத்தோலிக்கரை அடையாளம் தெரிந்துகொண்டார். சில்லாலை என்ற ஊர் அவருக்கு மறைவிடமாயிற்று. அந்த மக்களோடு பழகித் தமிழ் பேசினார். இரவில் பூசை, பகலில் பிச்சை.

1689-ம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் ஒலாந்தச் சிப்பாய்கள் கத்தோலிக்கர் கூடியிருந்த வீடுகளைச் சூழ்ந்துகொண்டார்கள். சுவாமியார் அகப்படவில்லை. அகப்பட்டவர்களுக்கோ அடியும் அபராதமும் சிறையும். ஒருவர் அடிபட்டே உயிர் விட்டார். தம் நிமித்தம் ஜனங்கள் வதைபடுகிறார்கள் என்று கண்டு, 1690-ல் கண்டி அரசனுக்கு உட்பட்ட புத்தளத்துக்கு முனிவர் போனார். அங்கிருந்து 1692-ல் கண்டித் தலைநகரை நோக்கிப் புறப்பட்டார்.

அப்போது கண்டியில் அரசு செலுத்தியவன் இரண்டாம் விமலதருமசூரியன். அவன் அரண்மனையில் லானெரோல் என்ற பிரெஞ்சுக்காரன் ஒருவன் இருந்தான். அவன் கல்வீன் சபையான். வருகிறவன் குருவல்ல, போர்த்துக்கீசியரின் ஒற்றன் என்று அரசன் காதில் போட்டுவிட்டான். அரசன் நம்பினான். நம்பியதில் பெரிய ஆச்சரியமில்லை. அந்த அரச வம்சம் போர்த்துக்கீசியரால் பட்டது கொஞ்சமல்ல. ஆகவே சூசை வாஸ் முனிவர் வழியிலேயே பிடிக்கப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.

வாசகரே, இனிதான் நாம் சொல்ல வந்த விஷயம். அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிறையை வேகமாகக் கடந்து போவார்கள். பிடித்தார்கள், அடைத்தார்கள், பொறுமையாய்ச் சகித்தார், விடுதலையானார் என்று நாலு வரியில் முடித்துவிட்டுப் புதுமைகளுக்குப் போய்விடுவார்கள். அது சரியல்ல என்பது நம் அபிப்பிராயம். இவருடைய வாழ்க்கையில் சிறை ஓர் இடைவெளியல்ல. அங்கே செய்த வேலையின்மேல்தான் மற்றதெல்லாம் நின்றது.

கண்டி ராஜ்யத்தில் அன்னியரைக் காவல் வைக்கும் வழக்கமே ஒரு தினுசு. இருட்டறையில் எப்போதும் பூட்டி வைப்பதில்லை. ஓர் எல்லை குறித்து, காவல் போட்டு, அதைத் தாண்டாதவரை இருந்துகொள் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் எந்த நாள் விடுதலை என்று எவருக்கும் தெரியாது. இராபர்ட் நாக்ஸ் என்ற இங்கிலீஷ் மாலுமி 1660-ல் இப்படிப் பிடிபட்டு, 1679-ல்தான் தப்பிப் போக முடிந்தது. அவனுடைய தகப்பன் காவலிலேயே மாண்டான். வருடக் கணக்கு இல்லாத தண்டனை எவ்வளவு கொடியது என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து வருடம், பத்து வருடம் என்று தெரிந்தால் சுவரில் கோடு கிழித்து எண்ணலாம். இதில் எண்ணவும் வழியில்லை.

சூசை வாஸ் முனிவரை முதலில் கடுங்காவலில் வைத்தார்கள். பின்பு, இவர் ஓடிப்போகிற ஆளல்ல என்று கண்டு பிடியைத் தளர்த்தினார்கள். அவருக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. கொங்கணி தாய்மொழி. போர்த்துக்கீசும் லத்தீனும் கற்றவர். தமிழ் பேசத் தெரிந்தவர். ஆனால் அந்த ஊர் ஜனங்களின் சிங்களம் அவருக்குத் தெரியாது. காவற்காரன் பேசுவது சிங்களம், பக்கத்துக் கைதி பேசுவது சிங்களம், அரசன் பேசுவதும் சிங்களம். ஆக, தம்மை அடைத்து வைத்தவர்களின் பாஷையை எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணாக்கனாக அந்தச் சிறையில் உட்கார்ந்தார் அந்த லத்தீன் வாத்தியார்.

நாற்பது வயதுக்குமேல் புதுப் பாஷை படிப்பது சுலபமா? நம்மில் எத்தனை பேர், படிக்கிற வயது போய்விட்டது என்று முப்பதிலேயே சொல்லிவிடுகிறோம்! இவர் படித்தது நேரப்போக்குக்காக அல்ல. விடுதலை வருமோ வராதோ, வந்தால் அந்த நாளே வேலை தொடங்க வேண்டும். வராவிட்டால், எதிரே நிற்கும் காவற்காரனுக்கும் ஓர் ஆத்துமம் உண்டல்லவா? அவனோடு பேச அவன் பாஷை வேண்டும்.

படித்ததோடு நிற்கவில்லை. சிறை எல்லைக்குள்ளேயே முதலில் ஒரு குடிசைக் கோயில் எழும்பிற்று. பிறகு அதுவே தேவமாதா பெயரால் நல்ல கோயிலாயிற்று. உடன் கிடந்த கைதிகளுக்கு ஞானோபதேசம் சொல்லத் தொடங்கினார். காவல் தளரத் தளர, நகரத்துக் கத்தோலிக்கரும் ஏதாவது சாக்குச் சொல்லி வந்து தேவதிரவிய அனுமானங்களைப் பெற்றார்கள். ஒலாந்தர் ஆண்ட கடற்கரையில் வெளிப்படையாய் ஒரு பூசை வைக்க முடியாதிருந்த காலம் அது. இலங்கையில் ஒரு குரு ஒளியாமல் பூசை வைத்த இடம் ஒரு சிறைக்கூடம்! 1693-ம் ஆண்டு பிப்ரவரி 4-ம் தேதி ஓரியூர் மணலில் அருளானந்தர் தலை வெட்டுண்டபோது, கடலுக்கு அப்பால் கண்டியில் இவர் காவலில் இருந்துகொண்டு இந்த வேலையைத்தான் செய்துவந்தார்.

இவ்விடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி உங்களிடம் ஒன்று பேச வேண்டும்.

காளையார்கோவிலுக்கு அருகே புரசடை உடைப்பு என்ற இடத்தில் அரசாங்கத்தின் திறந்தவெளிச் சிறை ஒன்று இருக்கிறது. உங்களில் பலர் அந்த வழியாய்ப் பேருந்தில் போயிருப்பீர்கள். அங்கே கைதிகள் நிலத்தில் பயிர் செய்கிறார்கள். மதுரை முதலான மத்திய சிறைகளில் கைதிகள் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்து அரசுப் பரீட்சை எழுதுகிறார்கள். சிலர் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கும் படிக்கிறார்கள். டெல்லி திகார் சிறையில் 1994-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு படிப்பு மையம் திறந்தது. அதன்பின் நாட்டில் வேறு பல சிறைகளுக்கும் அந்த ஏற்பாடு பரவிற்று. நம் மாகாணத்துச் சிறைத் துறையார் புத்தகக் கண்காட்சிகளில் இடம் போட்டு உட்கார்ந்து, கைதிகளுக்காகப் பொதுஜனங்களிடம் புத்தகம் கேட்டு வாங்குகிறார்கள். நம் திருச்சபையிலும் 1981-ல் தொடங்கிய சிறைப்பணி இயக்கம் ஒன்று உண்டு. ஆகஸ்டு மாதம் இரண்டாம் ஞாயிறு அதற்கென்று குறிக்கப்பட்டிருக்கிறது.

இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள். திருடினவனுக்கும் அடித்தவனுக்கும் இலவசப் படிப்பு, ஒழுங்காய் இருக்கிற என் பிள்ளைக்குக் கட்டணமா என்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆறு மாதச் சம்பளத்தைப் பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுத்த தகப்பன் அப்படிக் கேட்டால் கோபிக்க முடியாது. ஆனால் இதையும் எண்ணுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் சிறைக்குப் போனால், வீட்டிலிருந்து வரும் கடிதத்தை இன்னொரு கைதி வாசித்துக் காட்ட வேண்டும். மனைவி எழுதும் குடும்ப ரகசியம், பிள்ளைக்குக் காய்ச்சல், வட்டிக்காரன் வந்து நின்றது, எல்லாம் அன்னியன் வாயால் கேட்க வேண்டும். பதிலையும் அவன் கையால் எழுதுவிக்க வேண்டும். அப்படிப்பட்டவன் ஆறு மாதத்தில் எழுத்துக் கூட்டப் படித்து, தன் மனைவியின் கடிதத்தைத் தானே ஒரு மூலையில் உட்கார்ந்து வாசிப்பானேயானால், அதனால் உங்கள் பிள்ளைக்கு என்ன நஷ்டம்?

இன்னும் ஒன்று. சூசை வாஸ் முனிவர் குற்றமற்றவர், இவர்கள் குற்றவாளிகள், இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்லதான். ஆனால் முனிவர் சிறையில் யாருக்கு ஞானோபதேசம் சொன்னார்? உடனிருந்த கைதிகளுக்கு. அவர்களில் யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று பிரித்து உட்கார வைத்தா சொன்னார்? நம் தெருவில் ஒரு வீட்டு ஆண்பிள்ளை சிறைக்குப் போய்விட்டால், அந்த வீட்டுப் பிள்ளையை நம் பிள்ளையோடு விளையாட விடுகிறோமா? பங்கு வரி வாங்கப் போகிறவர்கள் அந்த வாசலில் நிற்காமல் அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறார்களே, அது ஏன்? சிறைக்குள் ஆயிரம் படித்துவிட்டு வந்தாலும், வந்தவனுக்கு உட்காரத் திண்ணை கொடுப்பது அரசாங்கமல்ல, நாம்தான்.

சரி, கண்டிக்குத் திரும்புவோம்.

1696-ல் அந்த நாட்டில் பெரும் வறட்சி. குளம் வற்றிற்று, பயிர் கருகிற்று. அரசன் தன் மதத்தாரைக் கொண்டு வேண்டுதல்கள் நடத்திப் பார்த்தான். மழை இல்லை. கடைசியில் இந்தச் சுவாமியாரைக் கேட்டான். இவர் வெட்டவெளியில் பீடம் வைத்துச் சிலுவை நாட்டி முழந்தாளிட்டு ஜெபித்தார். மழை கொட்டியது, பீடமும் அவரும் நனையவில்லை என்பது பரம்பரையாய் வரும் செய்தி. அரசன் அவருக்குத் தன் ராஜ்யம் எங்கும் போய்ப் போதிக்கச் சுதந்தரம் கொடுத்தான். இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நாம் கேட்பது வேறு: சுதந்தரம் கிடைத்த அன்று அவருக்குச் சிங்களம் தெரியாமல் இருந்திருந்தால்? கதவு திறந்தும் வாய் திறக்க முடியாமல் நின்றிருப்பார்.

அதே ஆண்டு கோவாவிலிருந்து துணைக்குக் குருக்கள் வந்தார்கள். அவர்களில் சூசை கார்வாலோ என்பவர் முனிவரின் மருமகன் முறை. அடுத்த 1697-ல் கண்டியில் வைசூரி பரவிற்று. அரசனே நகரை விட்டு வெளியேறினான். நோய் கண்டவர்களைச் சொந்த ஜனங்களே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மாமனும் மருமகனுமாய் இரண்டு குருக்களும் அவர்களுக்குக் குடிசை போட்டு, கஞ்சி காய்ச்சி ஊற்றி, புண்ணைக் கழுவி, செத்தவர்களைக் குழிவெட்டிப் புதைத்தார்கள். வயிற்றுக்கடுப்பால் காட்டில் கிடந்து ஒரு பெண் வார்த்த கஞ்சியைக் குடித்த மனிதருக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. எந்த நாட்டு ஒற்றன் என்று சந்தேகித்துப் பூட்டினார்களோ அவரைத்தான் அந்த நகரத்தார் அதற்குப்பின் தங்கள் ஆளாக எண்ணினார்கள்.

1705-ல் இலங்கைக்கு வந்த குருக்களில் யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமியாரை நீங்கள் அறியாமலே அறிவீர்கள். தபசு காலத்தில் நம் கோயில்களிலும் வீடுகளிலும் வாசிக்கப்பட்டு வந்த வியாகுலப் பிரசங்கம் அவர் இயற்றியது. அதை வாசித்து அழாத பாட்டிமார் கிடையாது. இவர் சிங்களத்திலும் தமிழிலும் ஏராளமான நூல்களை எழுதினார். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்துக்கு இவரே தகப்பன் என்கிறார்கள். சூசை வாஸ் முனிவர் சிறையில் தொடங்கிய பாஷைப் படிப்பு, அவருடைய காலத்திலேயே இத்தனை ஏடுகளாய்ப் பெருகுவதற்கு வழி உண்டாயிற்று. அதே 1705-ல் முனிவருக்கு மேற்றிராணியார் பதவி தேடி வந்தது. வேண்டாம் என்றுவிட்டார்.

கால்நடையாகவே தீவெங்கும் சுற்றி அலைந்த தேகம் ஒடிந்துபோயிற்று. 1711-ம் ஆண்டு ஜனவரி 16-ம் தேதி கண்டியில் ஆண்டவரில் நித்திரையடைந்தார். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. அவர் வந்தபோது மேய்ப்பனில்லாமல் கிடந்த சபையில், அவர் போனபோது ஏறத்தாழ எழுபதாயிரம் கத்தோலிக்கர் இருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பின்வந்த காலத்துக் கலகங்களில் அவர் கல்லறை இருந்த இடம்கூட மறைந்துவிட்டது.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995-ல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ம் ஆண்டு ஜனவரி 14-ம் தேதி கொழும்புக் கடற்கரைத் திடலில் அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரசித்தப்படுத்தி, அன்றே தமிழர் திரண்டிருந்த மடு மாதா கோயிலுக்கும் போனார். ஜனவரி 16 அவருடைய திருநாள். நமக்கு அது பொங்கல் நாட்களுக்குள்ளே வந்துவிடுகிறது. கரும்பும் மஞ்சள் கொத்துமாய் வீடு நிறைந்திருக்கும் அந்த நாளில், மாலை ஜெபத்தோடு சிறையில் இருக்கிறவர்களுக்காக ஒரு பத்து மணி ஜெபமாலை சொல்லுகிற வழக்கத்தைச் சில வீடுகளில் தொடங்கியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற ஒருவருடைய பெயரைச் சொல்லி ஜெபிக்க விரும்பும் குடும்பத்தார், வெட்கப்படாமல் விசாரணைச் சுவாமியாரிடம் பெயரைக் கொடுக்கலாம்.